காரீயக் கட்டியும் டஸ்ட் தேயிலையும்: கிரபீன் மேல மூலக்கூறு ஒட்டிப் பாத்த அனுபவம்

கேகாலைப் பக்கம் தோட்டத்துல இருக்கிற பெரியப்பா போன தீவாளிக்கு வந்தப்ப பேப்பர்ல சுத்தி ஒரு கட்டி கொண்டாந்தாரு. கையளவு இருக்கும், முழுக் கறுப்பும் இல்ல, ஈயம் மாதிரி ஒரு மினுக்கம், தொட்டா விரல் வழுக்குது, சவுக்காரம் போட்டுத் தேச்சாலும் விரல் ரேகைக்குள்ள போனது வெளிய வர மாட்டேங்குது. போகலைச் சுரங்கத்துக் காரீயம், அதாவது கிரபைட், பென்சில் கூருல இருக்கிற சாமான். "நீ தானே கெமிஸ்ட்ரி படிச்சுக் குடுக்கிற, உனக்கு உதவும்டா தம்பி"ன்னு குடுத்துட்டுப் போனாரு. நான் ஹட்டன் பக்கம் ஏ.எல் (உயர்தர வகுப்பு) பிள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கிறவன். அந்தக் கட்டிய மேசையில வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன், ரெண்டு மாசம் ஒண்ணும் செய்யல, ஆனா மனசு அதுலயே நின்னுச்சு.

ஏன்னா நம்ம இலங்கைக் காரீயம் சாதாரண சாமான் இல்ல. மத்த நாடுகள்ல பாறைக்குள்ள சின்னச் சின்னச் செதிலாக் கலந்து கிடக்கும், அரைச்சுப் பிரிச்சு எடுக்கணும். இங்க பாறை வெடிப்புக்குள்ள நரம்பு மாதிரி ஓடுது, போகலையிலயும் கஹட்டகஹவிலயும் நிலத்துக்கு அடியில போய் வெட்டுறாங்க, எடுக்கும்போதே 95 வீதத்துக்கு மேல கார்பன், நல்ல கட்டின்னா 99 வரைக்கும் போகும். அந்தக் கட்டிக்குள்ள இருக்கிறது அடுக்கு அடுக்கா கிரபீன்தான். ஒவ்வொரு அடுக்கும் ஒரே ஒரு அணு கனம், அறுகோண வலை, ரெண்டு அடுக்குக்கு நடுவுல 0.335 நனோமீட்டர் இடைவெளி. 2004ல மான்செஸ்டர்ல ஆந்திரே கெய்மும் கொன்ஸ்டன்டின் நொவொசெலொவும் செல்லோடேப் போட்டு உரிச்சு ஒத்தை அடுக்கைப் பிரிச்சுக் காட்டி, 2010ல பௌதிகவியல் நோபல் பரிசு வாங்குனாங்க. இது பிள்ளைகளுக்கு நான் வருஷா வருஷம் சொல்ற கதை, சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருவேன்.

இந்தத் தடவை அப்படிப் போக முடியல. எங்க அக்கா மக, அதாவது என் மருமக, ஏ.எல் மெத்ஸ் படிக்கிறா, அவ கேட்டா: "மாமா, கிரபீன் அவ்வளவு நல்லாக் கரண்ட் கடத்தும்னா ஏன் இன்னும் சிலிக்கனை வச்சே சிப் செய்றாங்க?" நல்ல கேள்வி. கிரபீன்ல ஒவ்வொரு கார்பனும் மூணு பிணைப்பு போட்டுட்டு ஒரு இலத்திரனை மேல கீழ விட்டு வச்சிருக்கு, அது வலை முழுக்க ஓடித் திரியும். ஆனா இலத்திரன் நிரம்புன சக்தி மட்டமும் வெறுமையான சக்தி மட்டமும் ஒரு புள்ளியில தொட்டுக்குது, நடுவுல இடைவெளியே இல்ல, அதனால சுவிட்ச் மாதிரி முழுசா நிப்பாட்ட முடியாது. அந்த இடைவெளிய உண்டாக்கவோ, இல்லன்னா ஓடுற இலத்திரன் எண்ணிக்கையக் கூட்டிக் குறைக்கவோ, அதுமேல சேதன மூலக்கூறுகளைச் சேர்த்துப் பாக்குறாங்க.

சேர்க்கிறதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு சுவத்துல ஆணி அடிக்கிற மாதிரி. ஏ.எல் பாடத்துல அனிலின்ல இருந்து டயசோனியம் உப்பு செய்வோம் இல்லையா, 0 - 5 பாகைக்குள்ள, அதே உப்பு கிரபீன்கிட்ட வந்தா நைதரசன் வாயுவாக் கழண்டு போய் பென்சீன் வளையம் நேரா கார்பன்ல பிணைஞ்சிரும். பிணைஞ்ச இடத்துல எஸ்பி2 கார்பன் (தட்டையா மூணு பிணைப்பு) எஸ்பி3 (நாலு பக்கமும் நாலு பிணைப்பு) ஆயிரும், அந்த இடத்துல இலத்திரன் பாதை அறுந்துரும், தடை கூடும். 1992லயே பிரான்ஸ்ல பின்சனும் சவேயானும் சேர்ந்த குழு கார்பன் மேற்பரப்புல இதச் செஞ்சாங்க, 2009ல ரொபர்ட் ஹடன் குழு கிரபீன்லயே செஞ்சு காட்டுச்சு. ரெண்டாவது வழி, கோப்பையில தேத்தண்ணிக் கறை படியுற மாதிரி. தட்டையான வளையம் உள்ள மூலக்கூறு கிரபீன் மேல படுத்துக்கும், பிணைப்பு ஒண்ணும் உடையாது, ஆனா மூலக்கூறு இலத்திரன் வாங்குற சாதியா குடுக்கிற சாதியாங்கிறதப் பொறுத்து கிரபீன்ல ஓடுற சரக்கு, அதாவது கரண்டைச் சுமக்கிறது, கூடும் குறையும். 2007ல சிங்கப்பூர்ல எஃப்4-டிசிஎன்கியூங்கிற இலத்திரன் வாங்குற மூலக்கூறைப் படிய வச்சு இதக் காட்டினாங்க.

முதல் வழி வீட்டுல செய்ற வேலை இல்ல, யாரும் செஞ்சு பாக்க வேணாம், டயசோனியம் உப்பு காஞ்சு போனா வெடிக்கும். ரெண்டாவது வழிக்கு என்ன மூலக்கூறு இருக்குன்னு யோசிச்சப்ப அடுப்புல தேத்தண்ணி கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. தேயிலைத் துவர்ப்பே பொலிபீனோல்தான், கறுப்புத் தேயிலையில தியாபிளேவின், தியாரூபிஜின், எல்லாத்துலயும் பென்சீன் வளையம், வளையத்துல ஓ.எச் கூட்டம். நம்ம கைக்குள்ள காலங்காலமா இருக்கிற சாமான்.

சரி, வேலைக்கு வாறேன். காரீயக் கட்டியத் தூளாக்க மொதல்ல அரத்துல ராவுனேன், அது தப்பு, அரத்துல இருந்து இரும்புத் தூளும் சேர்ந்து வருது, காந்தம் வச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சுச்சு, அந்தத் தூளை அப்படியே ஒதுக்கிட்டு கேரட் துருவுற பழைய தகட்டுல துருவினேன், காரீயம் மெத்து, சுகமாத் துருவ வரும். மாஸ்க் கட்டாயம் போடணும், மேசை, சட்டை, மூக்கு எல்லாத்துலயும் ஏறும்.

டப்ளின் ட்ரினிட்டி கொலேஜ்ல ஜொனதன் கோல்மன் குழு 2014ல ஒரு வேலை செஞ்சிச்சு, காரீயத் தூளைத் தண்ணியில போட்டு, பாத்திரம் கழுவுற திரவம் கலந்து, சமையல் பிளென்டர்ல அடிச்சாலே கிரபீன் தகடுகள் உரிஞ்சு வரும்னு காட்டினாங்க. ஒத்தை அடுக்கு கொஞ்சம்தான், பெரும்பாலும் சில அடுக்குத் தகடுகள். நான் செஞ்சதும் அதுதான், அதனால கீழ நான் கிரபீன்னு எழுதுற எடமெல்லாம் சில அடுக்குத் தகடுன்னு எடுத்துக்கங்க. தூக்கிப் போட வச்சிருந்த பிளென்டர் ஒண்ணு இருந்துச்சு, 400 மில்லி தண்ணி, 10 கிராம் தூள், ரெண்டு கரண்டி திரவம், ஒரு நிமிஷம் ஓட விட்டு ரெண்டு நிமிஷம் ஆற விட்டுன்னு போய்க்கிட்டு இருந்தப்ப பத்தாவது சுத்துல பட்டுன்னு ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடே இருட்டு.

கழட்டிப் பாத்தா ஜக் அடியில இருக்கிற ரப்பர் சீல் வெடிச்சு, கறுப்புத் தண்ணி மோட்டருக்குள்ள இறங்கியிருக்கு. சாதாரணத் தண்ணின்னா காய விட்டாப் போதும், இது கரண்ட் கடத்துற தூள் கலந்த தண்ணி, கொம்யூட்டேட்டர் (மோட்டர் தண்டுல கரண்ட் வாங்குற செம்பு வளையம்) துண்டுகளுக்கு நடுவுல இருக்கிற பள்ளமெல்லாம் காரீயம் அடைச்சு ஷோர்ட். பிளக்கைக் கழட்டி வச்சுட்டு பழைய டூத்பிரஷும் ஸ்பிரிட்டும் வச்சு ஒவ்வொரு பள்ளமாச் சுத்தம் பண்ணினேன், அரை நாள் போச்சு. கார்பன் பிரஷ் ரெண்டும் தேஞ்சு ஸ்பிரிங் தெரிஞ்சுச்சு, டவுன்ல ஹார்ட்வெயார் கடையில கொஞ்சம் பெருசா வாங்கி அரத்தாளுல தேச்சு அளவுக்குக் கொண்டாந்து போட்டேன். அந்த பிரஷும் காரீயம்தானே, அடுக்கு அடுக்கா வழுக்கிக்கிட்டே கரண்டையும் கடத்துறதாலதான் மோட்டர்ல அத வைக்கிறாங்க, மருமகளுக்கு அதக் கையில குடுத்துக் காட்டினேன். சீல் மாத்திட்டு, ஜக் விளிம்பைச் சுத்தி சிலிக்கோன் பூசி ஒரு நாள் விட்டேன். இந்த பிளென்டர்ல இனிச் சட்னி அரைக்கக் கூடாதுன்னு பெயின்ட்ல எழுதி வச்சிருக்கேன்.

திரவம் போட்டு அடிச்சது தண்ணியில நல்லா நின்னுச்சு, ஆனா கண்ணாடியில ஊத்திக் காயவச்சு மீட்டர் வச்சா மெகா ஓம் கணக்குல காட்டுது. காரணம் சோப்பு, தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவுல அது உக்காந்திருக்கு, எத்தனை தடவை கழுவினாலும் கொஞ்சம் மிஞ்சுது. இங்கதான் தேயிலை கைகொடுத்துச்சு. திரவத்த விட்டுட்டு, 20 கிராம் டஸ்ட் தேயிலைய 400 மில்லி தண்ணியில காய்ச்சி (இங்க உசரத்துக்கு 96 பாகையிலயே கொதிச்சிரும், அதனால கொஞ்சம் கூட நேரம் விட்டேன்) வடிச்சு ஆற வச்சு அந்தச் சாயத்துலயே அடிச்சேன். தகட்டத் தண்ணியில மிதக்க வைக்கிறதும் அதுமேல படுத்துக்கிறதும் ஒரே மூலக்கூறுதான், தனியா ஒண்ணு சேர்க்க வேண்டியதில்ல.

ஆனா சாயமே கறுப்பு, உள்ள காரீயம் நிக்குதா இல்ல சாயம்தானான்னு கண்ணுல தெரியல. ரெண்டு நாள் அசையாம வச்சு, மேல் தண்ணிய மட்டும் எடுத்து வடிதாள்ல விட்டேன், ஒரு ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டா வடிஞ்சுச்சு. மிஞ்சின கறுப்பை திரும்பத் திரும்பக் கழுவி, கழுவுன தண்ணியில ஒரு சொட்டு பெரிக் குளோரைட் விட்டுப் பாத்தேன், துவர்ப்பு இருந்தா நீலக் கறுப்பா மாறும், ஏழாவது கழுவல்ல மாறல. தனியா நின்ன சாயமெல்லாம் போயிருச்சுன்னு அர்த்தம். அப்புறம் அந்தக் கறுப்பை வெறும் தண்ணியில போட்டுக் குலுக்கினா திரும்பக் கலங்கி நிக்குது, சாயம் படாத தூளப் போட்டா மேல மிதந்து ஓரத்துல ஒதுங்குது. ஒட்டுனது ஒட்டுனதுதான், கழுவலுக்குப் போகல. தட்டையான மூலக்கூறு எப்படிப் போய் ஒட்டும்னு கண்ணாலயே பாக்கணும்னா மெதிலீன் நீலம் ஒரு துளியத் தண்ணியில விட்டு இந்தத் தூள் கொஞ்சம் போட்டுக் குலுக்கி வடிச்சுப் பாருங்க, நீலம் வெளுத்துப் போகும். மருமக அத மூணு தடவை செஞ்சு பாத்தா.

கண்ணாடி மேல பில்ம் (மெல்லிசான படலம்) போடுறதுலதான் எனக்கு அதிக நாள் போச்சு. சொட்டு விட்டுக் காய வச்சா ஓரத்துல கறுப்பு வளையம், நடுவுல ஒண்ணுமில்ல. கடைசியா ரொட்டிக் கல்லைக் கை பொறுக்கிற சூட்டுல வச்சு, அதுமேல கிளாஸ் ஸ்லைட்டை வச்சு, சென்ட் போத்தல் ஸ்பிரேயில அடிச்சேன், அடிச்சதும் காயும், திரும்ப அடி, 25 தடவை. நைலோன் துணியில வடிச்சிட்டு ஊத்தலன்னா ஸ்பிரே அடைச்சிரும். காஞ்ச பிறகு ஒரு கண்ணாடிக் குப்பி அடியால மெதுவா அழுத்தித் தேச்சா பில்ம் மினுங்க ஆரம்பிக்கும், தடை பாதிக்கு மேல இறங்கும். தகடுகள் ஒண்ணோட ஒண்ணு நல்லாத் தொடுறதாலதான் இது, இந்த மாதிரி பில்ம்ல தகட்டுக்குள்ள இருக்கிற தடைய விட தகட்டுக்குத் தகடு தாவுற இடத்துத் தடைதான் பெருசு.

மீட்டர் ஊசிய நேராக் குத்தினா பில்ம் கிழியும், ரீடிங் 14 கிலோ ஓம்ல இருந்து 30 வரைக்கும் துள்ளும். அலுமினியத் தாளை மடிச்சு அடியில வச்சு முதலைக் கிளிப் போட்டேன், நாலு இடத்துல. வெளி ரெண்டு கிளிப் வழியா ரெண்டு பேட்டரி, 100 கிலோ ஓம் தடை, ஒரு மீட்டர் கரண்ட் பாக்க. உள் ரெண்டு கிளிப்ல இன்னொரு மீட்டர் வோல்ட் பாக்க. வோல்ட் பாக்குற மீட்டர் கரண்டை அவ்வளவா இழுக்காது, அதனால கிளிப் தொடுற இடத்துத் தடை கணக்குல வராது. ரீடிங் 9.2 கிலோ ஓம்ல அப்படியே நின்னுச்சு. அந்த நிமிஷம் நாங்க ரெண்டு பேரும் கை தட்டினோம்.

ராத்திரி அப்படியே விட்டுட்டுப் படுத்தேன். காலையில 10.6. பகல்ல இறங்குது, சாயங்காலம் ஏறுது. மூணு நாள் கிளிப், பேட்டரி, வயர்னு மாத்தி மாத்திப் பாத்தேன். மருமக கொப்பியில நேரத்துக்குப் பக்கத்துல சன்னல்ல என்ன தெரிஞ்சுச்சுன்னும் எழுதி வச்சிருந்தா: "எதிர் மலை தெரியுது", "பாதி தெரியுது", "பக்கத்து லயமே தெரியல" (லயம்னா தோட்டத்து வரிசை வீடு). அந்த வரிசையும் ரீடிங்கும் ஒண்ணாப் போகுது. ஜூன் மாசம், மூட்டம் வீட்டுக்குள்ளயே வரும், அந்த ஈரத்தத்தான் நாங்க அளந்துக்கிட்டு இருந்திருக்கோம். பொலிபீனோல் தண்ணிய விரும்புற சாமான், அது ஈரத்தக் குடிச்சு ஊதினா தகடுகள் விலகும், தடை ஏறும். இந்தக் கொப்பி இல்லன்னா மொத்த வேலையும் பிழையா முடிஞ்சிருக்கும்.

அடுத்தது அமோனியா, தேயிலை ஒட்டின பில்ம் ஒரு வாயு வந்தா உணருதான்னு பாக்க. காத்துல கிடக்கிற கிரபீன்ல ஒட்சிசனும் ஈரமும் இலத்திரனை இழுத்து வச்சிருக்கும், ஓடுறது துளைகள்தான், அதாவது இலத்திரன் இல்லாத காலி இடங்கள், பிளஸ் மாதிரி ஓடும். அமோனியா இலத்திரன் குடுக்கிற மூலக்கூறு, குடுத்தாத் துளை குறையும், தடை கூடணும். கிரபீன் இதுக்கு இவ்வளவு உணர்ச்சியா இருக்கிறதுக்குக் காரணம், ஓடுற சரக்கே அதுல கொஞ்சம்தான். திருவிழாக் கூட்டத்துல ஒருத்தர் இல்லன்னா தெரியாது, ஆள் குறைஞ்ச நாள் பிரட்டுக்களத்துல (தோட்டத்துல காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற இடம்) ஒருத்தர் வராட்டி கங்காணிக்கு உடனே தெரியும் இல்லையா, அது மாதிரி. 2007ல கெய்ம், நொவொசெலொவ் குழு இத வச்சுத்தான் ஒத்தை ஒத்தை வாயு மூலக்கூறு வந்து ஒட்டுறதையே பிடிச்சாங்க. அமோனியாவுக்கு நான் கடைக்குப் போகல. தோட்டத்துல போடுற அமோனியம் சல்பேட் உரம் ஒரு சிட்டிகை, எங்க அம்மா வெத்தலைப் பெட்டியில இருந்த சுண்ணாம்பு கொஞ்சம், ஒரு சொட்டுத் தண்ணி, ஜாம் போத்தல்ல போட்டுக் கலக்கினா மூக்கைத் துளைக்கும். சன்னலத் தொறந்து வச்சுத்தான் செய்யணும், முகத்தக் கிட்ட கொண்டு போகக் கூடாது.

போத்தலுக்குள்ள ஈரமும் இருக்கே, அதனால ரெண்டு போத்தல்: ஒண்ணுல ஈரச் சுண்ணாம்பு மட்டும், மத்ததுல சுண்ணாம்பும் சல்பேட்டும். தேயிலை பில்ம் 9.2ல இருந்து சுண்ணாம்புப் போத்தல்ல பத்து நிமிஷத்துல 9.5, சல்பேட் போத்தல்ல 10.3. சாயம் படாத பில்ம் ஒண்ணும் வச்சிருந்தோம், பிளாஸ்டிக் ஷீட்ல காரீயத் தூளைப் பஞ்சால தேச்சது, அது அசைஞ்ச மாதிரியே தெரியல. நான் சந்தோஷத்துல எழுத உக்காந்தப்ப மருமக விடல. "மாமா, ரெண்டும் வேற வேற பில்ம், ஒண்ணு கண்ணாடி ஒண்ணு பிளாஸ்டிக், ஒண்ணு அடிச்சது ஒண்ணு தேச்சது, வித்தியாசம் தேயிலையாலதான்னு எப்படிச் சொல்றீங்க? அந்தத் தேச்ச பில்மையே சாயத்துல முக்கிக் கழுவிட்டுத் திரும்ப வைங்க." சரியாத்தான் சொன்னா, எனக்கு அந்த யோசனை வரல.

அப்படியே செஞ்சோம். தேச்ச பில்ம், சாயம் படுறதுக்கு முன்ன: 3.10 கிலோ ஓம், சுண்ணாம்புப் போத்தல்ல 3.12, சல்பேட் போத்தல்ல 3.16. அதே பில்மை ஒரு மணித்தியாலம் சாயத்துல வச்சு, கழுவி, அடுப்புப் பக்கம் காய வச்ச பிறகு: 3.35, சுண்ணாம்புல 3.40, சல்பேட்ல 3.62. ஈரத்தோட பங்கைக் கழிச்சுப் பாத்தா முன்ன 1.3 வீதம், பின்ன ஆறரை வீதம் போல. அஞ்சு மடங்கு. மூணு தடவை செஞ்சோம், ரெண்டாவது மூணாவது தடவையில கொஞ்சம் குறைஞ்சுச்சு, ரொட்டிக் கல்லுல சூடாக்கினாலும் பழைய 3.35க்கு முழுசா வரல, 3.38ல நின்னுச்சு. வந்த அமோனியாவுல கொஞ்சம் பொலிபீனோலோட ஓ.எச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. பொலிபீனோல் லேசான அமிலம், அமோனியா காரம், ஒண்ணையொண்ணு பிடிக்கும். மீனைக் கழுவும்போது புளித்தண்ணியோ தேசிக்காயோ விட்டா வாடை போகுதே, அதே கணக்குதான், மீன் வாடை டிரைமெதில்அமின், அமிலம் பட்டா உப்பா மாறி ஆவியாகாம நின்னுரும்.

இதுல எவ்வளவு இலத்திரன் கைமாறினதால, எவ்வளவு தேயிலை அடுக்கு ஊதினதாலங்கிறத இந்த அமைப்புல பிரிக்க முடியாது, அதுக்குக் கிரபீனைக் கரண்ட் கடத்தாத ஒட்சைட் படை மேல வச்சு அடியில இருந்து வோல்ட் குடுத்துப் பாக்கணும், இலத்திரன் குடுக்கிற மூலக்கூறுன்னா தடை உச்சமாகிற புள்ளி மைனஸ் வோல்ட் பக்கம் நகரும், வாங்குறதுன்னா பிளஸ் பக்கம். அது பெரிய லெப் வேலை. எங்க கையில இருக்கிறது ஈரத்தக் கழிச்ச தடை மாற்றம் மட்டும், அந்த அளவுக்கு நான் உறுதியாச் சொல்வேன்.

மீனும் வச்சுப் பாத்தோம். மேல நாட்டுக்கு மீன் லொரியில ஏறி வந்து சேர்றதுக்குள்ள என்ன நிலைமைன்னு இங்க எல்லாருக்கும் தெரியும், அதனாலதான் இந்த வேலையில எனக்கு இவ்வளவு ஆசை. சாயம் பூசின இன்னொரு பில்ம், அதுவும் 3.35க்குக் கிட்ட. ஈரத் துணி போத்தல்ல 3.40, வாங்கின அன்னைக்கு மீன் துண்டு 3.40, அடுத்த நாள் சாயங்காலம் அதே துண்டு 3.46. ரெண்டு தடவை செஞ்சதுல ரெண்டு தடவையும் ஏறுச்சு, ஆனா காலை மூட்டத்துல ஏறுறத விடச் சின்னது. இப்பப் புதுசா ரெண்டு ஸ்லைட் அடிச்சு பிஸ்கட் டின்ல, சப்பாத்துப் பெட்டியில வார சிலிக்கா பொட்டலத்தோட மூடி வச்சிருக்கோம், போத்தலுக்குள்ளயும் ஒரு பொட்டலம் தொங்க விட்டுப் பாக்கணும். மருமக கொப்பியில புதுப் பக்கத்துல கோடு போட்டுட்டா, முதல் நிரல் நேரம், ரெண்டாவது ரீடிங், மூணாவது எதிர் மலை.